தனிவழியும் திறந்த தேரும்

கூரையில்லாத மகிழுந்து ஒன்றில் தனியொருவராக ஐரோப்பாக் கண்டத்தைச் சுற்றிவருதல் இக்கால இளைஞர் பலரின் கனவு. திரைப்படங்களும் விளம்பரங்களும் அக்கனவை வளர்த்துள்ளன. அவை காட்டாத பகுதிகளே மிகுதி. காற்றின் இயல்பு, மலையின் குளிர், சாலையின் விதி, தனிமையின் இடர், விரைவு கேட்ட விலை ஆகிய அனைத்தும் அப்பயணத்திற்குள் அடங்கியுள்ளன.

ஆவூரும் காஸ்திலியோனேயும்

திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட வறண்ட நிலப்பரப்பில் அமைந்துள்ள சிற்றூர் ஆவூர். பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி ஜான் வெனான்சியஸ் பூஷே இங்கு ஆலயம் எழுப்பியவராகப் போற்றப்படுகிறார். பின்னாளில் வீரமாமுனிவரும் இவ்வூரில் பணியாற்றினார். ஈஸ்டர் காலத்தில் நடைபெறும் பாஸ்கா நாடகத்தையும் அதனையடுத்து வரும் தேர்த்திருவிழாவையும் காண இன்றும் சுற்றுவட்டார மக்கள் இங்குத் திரள்கின்றனர்.

வீரமாமுனிவர் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், இத்தாலியின் வடபகுதியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் துறைமுகத்தில் பாய்மரக் கப்பலேறி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, 1710ஆம் ஆண்டு கோவாவை அடைந்தார். சூயசுக் கால்வாய் வெட்டப்படுவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம் அது. கப்பலில் நோயும் பஞ்சமும் உடன்பயணிகள். புறப்பட்டோர் அனைவரும் கரைசேர்வர் என்னும் உறுதி எவருக்கும் இல்லை. காஸ்திலியோனேயில் தொடங்கிய அவ்வழி ஆவூர் வரை நீண்டு, தேம்பாவணியிலும் சதுரகராதியிலும் தொன்னூல் விளக்கத்திலும் சென்று நிலைபெற்றது. அவர் மீண்டும் தாய்நாடு திரும்பவில்லை.

எதிர்த்திசையில் சென்றோரும் உளர். ஆவூரைத் தன்னகத்தே கொண்டிருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், ஆட்சிப் பொறுப்பைத் துறந்து பிரான்சில் வாழ்ந்து, 1928ஆம் ஆண்டு பாரிசில் மறைந்தார். செட்டிநாட்டுக் கோத்தமங்கலத்தில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியாரின் பயணம் வேறு வகையினது. காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி, இரண்டாம் உலகப்போரின் கருமுகில் சூழ்ந்த ஐரோப்பாவில் நாடு நாடாக அலைந்தார் அவர். தேடித் திரட்டிய காட்சிகள் 1940ஆம் ஆண்டு ஆவணப்படமாக வெளிவந்தன. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் அவருடைய நூற்பெயரே பின்னர் அவருக்குரிய அடைமொழியாயிற்று. கப்பலும் தொடர்வண்டியுமே அவருடைய ஊர்திகள். ஆயினும் தனியாகச் செல்லும் பயணிக்கு வேண்டிய முதற்பொருள் பணமன்று, தெளிந்த நோக்கமே என்பதற்கு அவரினும் சிறந்த சான்று தமிழில் அரிது.

இன்று சென்னையில் வானூர்தி ஏறுவோர் ஒருநாட்பொழுதில் இத்தாலியில் இறங்கிவிடலாம். வானில் செல்வோர்க்கு இடைவழி என்பது இல்லை. சாலைப் பயணமோ இடைவழியையே பொருளாகக் கொண்டது.

செலவும் துணையும்

‘செலவு’ என்னும் சொல் இன்று பணம் கழிதலைக் குறிக்கிறது. சங்க இலக்கியத்தில் அது பயணத்தைக் குறித்தது. பொருள்தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் துயர் கண்டு பயணத்தைத் தவிர்த்தலைச் ‘செலவழுங்குதல்’ என்றனர் இலக்கண நூலார். பயணமும் பணமும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தமை, இன்றைய ஐரோப்பியச் சுங்கச்சாவடிகளில் நிற்போர்க்கு வேடிக்கையாகத் தோன்றாது.

பாலைவழியில் வணிகர் சாத்து எனப்பட்ட கூட்டமாகவே சென்றனர். முல்லைத் திணையில் வினைமுடித்துத் திரும்பும் தலைவன் திறந்த தேரில் விரைகிறான். எனினும் அவன் தனியாக இல்லை. குதிரைகளைச் செலுத்தும் பாகன் உடனிருக்கிறான். வழியிலுள்ள பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிப் பிரிந்துவிடக் கூடாதெனத் தேர்மணியின் நாவைக் கட்டிவைத்துச் செல்லும் தலைவன் ஒருவனை அகநானூறு காட்டுகிறது. விரையும் ஊர்தி தன்னைச் சுற்றியுள்ள உயிர்களுக்கு என்ன செய்கிறது என்னும் எண்ணம் அத்துணைத் தொன்மையானது.

தனித்துச் செல்வோர்க்கு முன்சென்றோரின் சொல்லே துணை. பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்தமை தற்செயலன்று. அவற்றுள் மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாகக் கூறுகிறது. வழுக்கும் பாறை எங்குள்ளது, பாம்பு உறையும் குழி எங்குள்ளது, எந்த இடத்தை எவ்வாறு கடத்தல் வேண்டும் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. வளைவு இடமா வலமா, சாலை வழுக்குமா என முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளும் இக்கால ஊர்தி ஓட்டுநரின் வழிக்குறிப்பும் இவ்வகையினதே. அதனைப் பின்னர்க் காணலாம்.

முதல் நெடும்பயணம்

தானே இயங்கும் ஊர்தியில் முதல் நெடும்பயணத்தை மேற்கொண்டவர் ஒரு பெண். செருமனியில் கார்ல் பென்ஸ் வடிவமைத்த முச்சக்கர ஊர்தியை மக்கள் ஐயத்துடனே நோக்கினர். அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கணவருக்குத் தெரிவிக்காமலே தம் இரு மகன்களுடன் அவ்வூர்தியில் ஏறி மான்ஹைமிலிருந்து தாம் பிறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அவ்வூர்திக்குக் கூரை இல்லை. எரிபொருள் நிலையம் என ஒன்று உலகில் எங்கும் இல்லை. வீஸ்லோக் என்னும் ஊரிலிருந்த மருந்துக்கடையில், கறை நீக்கப் பயன்படும் லிக்ரோயின் என்னும் நீர்மத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் அடைப்பை நீக்கினார். ஏற்றங்களில் ஊர்தி திணறியபோது மகன்கள் இறங்கித் தள்ளினர்.

இறக்கங்களில் மரக்கட்டையாலான தடுப்பு தேய்ந்துபோயிற்று. வழியிலிருந்த செருப்புத் தைப்பவரிடம் சென்று, அக்கட்டையின்மீது தோலைப் பொருத்தச் செய்தார். தமிழ்நாட்டில் தேரோட்டத்தின்போது சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை இடுவோரின் கைத்திறனைக் கண்டோர்க்கு இச்சிக்கல் நன்கு விளங்கும். பெருஞ்சுமையை நகர்த்துதல் ஒரு கலை எனில், அதனை நிறுத்துதல் அதனினும் அரிய கலை. பெர்த்தா ஊர் திரும்பியபின் கூறிய குறைகளைக் கேட்டே, ஏற்றங்களில் உதவும் குறைவிரைவுப் பல்லிணை ஊர்தியில் சேர்க்கப்பட்டது. அவ்வகையில் அப்பயணம் உலாவன்று, ஆய்வுக்கூடச் சோதனைக்கு நிகரானது. அவர் சென்ற வழி இன்று ‘பெர்த்தா பென்ஸ் நினைவு வழி’ என்னும் பெயருடன் பெயர்ப்பலகைகள் தாங்கி நிற்கிறது.

கூரையை நீக்கினால் நிகழ்வது

தமிழகச் சிற்றூர்களில் மாட்டுவண்டி இருவகைப்படும். வளைந்த கூரையுடையது கூண்டுவண்டி. கூரையற்றது மொட்டைவண்டி. மகிழுந்துக்கும் இப்பாகுபாடு பொருந்தும். இருவர் மட்டும் அமரும் திறந்த விரைவு மகிழுந்தை ரோட்ஸ்டர் என்றும், துணிக்கூரையை மடித்துக்கொள்ளும் மகிழுந்தைக் காப்ரியோலே என்றும் வழங்குவர். இத்தாலியர் தம் திறந்த மகிழுந்துக்குச் சிலந்தி எனப் பொருள்படும் ஸ்பைடர் என்னும் பெயரைத் தந்தனர். காப்ரியோலே என்பது துள்ளுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லடியாகப் பிறந்து, முதலில் எடைகுறைந்த குதிரைவண்டிக்கு வழங்கிய பெயராகும். பள்ளம் மேடுகளில் ஆட்டுக்குட்டிபோல் துள்ளிய அவ்வண்டியின் பெயரே இன்று பேரூர்திக் குழுமங்களின் விலைப்பட்டியலில் ஒளிர்கிறது.

கூரை என்பது வெயிலையும் மழையையும் தடுப்பதற்கு மட்டும் உரியதன்று. செருப்பு வாங்கும்போது கிடைக்கும் அட்டைப்பெட்டியை மூடியுடன் முறுக்கிப் பார்த்தால் அது எளிதில் வளையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் இரு மூலைகளும் எதிரெதிராகத் திருகிக்கொள்ளும். மகிழுந்தின் உடலும் அத்தகையதே. கூரையும் அதனைத் தாங்கும் தூண்களும் நீக்கப்பட்டால் உடலின் திருகுவலிமை பெரிதும் குறைகிறது. எனவே, கதவுகளின் கீழுள்ள அடிச்சட்டங்களையும் தரைப்பகுதியையும் எஃகினால் வலுப்படுத்துகின்றனர். கூரையை நீக்கியும் எடை குறையாமல் கூடுவதன் காரணம் இதுவே. ஊர்தி கவிழ்ந்தால் தலையைக் காப்பதற்காக இருக்கைகளின் பின்புறம் உறுதியான வளைவுகளையும் அமைக்கின்றனர்.

காற்றின் நடத்தை வியப்புக்குரியது. திறந்த ஊர்தியில் முகத்தில் காற்று அறையும் எனப் பலரும் எண்ணுவர். உண்மையில் முகப்புக் கண்ணாடி காற்றை மேல்நோக்கித் தள்ளிவிடுகிறது. அதனால் கண்ணாடியின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்த பகுதி உருவாகிறது. அக்குறையை நிரப்ப, ஊர்தியின் பின்பகுதியிலிருந்து காற்று சுழன்று முன்னோக்கி வருகிறது. ஆகவே ஓட்டுநரைக் காற்று தாக்குவது பிடரியில்தான். இருக்கைகளின் பின்னால் ஒரு வலைத்தடுப்பை நிறுத்தினால் இச்சுழற்சி பெரிதும் அடங்கிவிடும். இதே காரணத்தால், சிறுதூறலில் விரைந்து செல்லும்போது மழைத்துளிகள் தலைக்கு மேலாகக் கடந்து செல்லும். சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றவுடன் முழுமையாக நனைய நேரிடும்.

விரைவு இருமடங்கானால் காற்றின் தாக்கம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவில் தென்றலாக இருப்பது 100இல் இரைச்சலாக மாறுகிறது. நாள்முழுதும் அவ்விரைச்சலில் இருப்பவரின் செவியும் மூளையும் சோர்ந்துவிடும். காற்று குளிர்ச்சி தருவதால் தோல் வெயிலில் கருகுவதும் உடனே உணரப்படுவதில்லை. திறந்த மகிழுந்தைப் பற்றிய விளம்பரங்களில் தொப்பியும் நீர்க்குடுவையும் இடம்பெறாமை ஒரு குறையே. இவ்வளவு தொல்லைகளுக்குப் பிறகும் அதனை ஏன் விரும்புகின்றனர் எனின், விடை எளிது. கூண்டுக்குள் அமர்ந்து செல்வோர் நிலத்தைக் கண்ணாடிவழியே காண்கின்றனர். திறந்த ஊர்தியில் செல்வோர்க்கு வைக்கோலின் மணமும் ஆலயமணியின் ஓசையும் குகைவழியின் ஈரமும் நேரே வந்து சேர்கின்றன.

மலைவழி

பிரான்சிலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ இத்தாலிக்குச் செல்வோர் ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கடந்தாக வேண்டும். இதற்கு இருவழிகள் உண்டு. ஒன்று மலையைக் குடைந்த சுரங்கச்சாலை. 1980இல் திறக்கப்பட்ட கோட்ஹார்ட் சாலைச்சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 17 கிலோமீட்டர். மோன் பிளாங் சுரங்கத்தில் 1999ஆம் ஆண்டு சரக்குந்து ஒன்றில் பற்றிய தீ 39 உயிர்களைப் பறித்தது. அதன்பின் சுரங்கங்களின் புகைபோக்கிகளும் புகலிட அறைகளும் பெருமளவில் மேம்படுத்தப்பட்டன. திறந்த ஊர்தியில் வருவோர் சுரங்கத்தின் வாயிலில் கூரையை மூடிக்கொள்வதே அறிவுடைமை. புகையை நீண்டநேரம் சுவாசிப்பதில் எவ்வித இன்பமும் இல்லை.

மற்றொன்று பழைய கணவாய்ச் சாலை. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் கடல்மட்டத்திலிருந்து 2,757 மீட்டர் உயரத்திலுள்ளது. ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்காலத்தில், 1820களில் கார்லோ தொனெகானி என்னும் பொறியாளரால் அச்சாலை அமைக்கப்பட்டது. அதன் வடகிழக்குப் பகுதியில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கொல்லிமலைச் சாலையின் 70 வளைவுகளில் பயணம் செய்த தமிழக மாணவருக்கு அவ்வெண்ணிக்கை பெரிதாகத் தோன்றாது. உயரம்தான் வேறுபாடு. நீலகிரியின் தொட்டபெட்டா மலைமுடியே 2,637 மீட்டர் உயரமுடையது. ஸ்டெல்வியோவில் சாலையே அதற்கும் மேலே செல்கிறது.

ஆயிரம் மீட்டர் உயரம் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 செல்சியசு பாகை குறையும். காஸ்திலியோனேக்கு அண்மையிலுள்ள கார்டா ஏரிக்கரையில் 30 பாகை வெப்பம் நிலவும் நாளில், ஸ்டெல்வியோவில் 12 அல்லது 13 பாகையே இருக்கும். ஓடும் திறந்த ஊர்தியில் அது மேலும் குளிர்ச்சியாக உணரப்படும். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ நான்கில் ஒருபங்கு குறைவு. மூச்சு வாங்குவது மனிதர் மட்டுமன்று. காற்றை அழுத்தித் தரும் கருவி பொருத்தப்படாத பொறியும் அதே அளவுக்குத் தன் ஆற்றலை இழக்கும். இறங்கும்போது சிக்கல் வேறு. தடுப்பையே தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிச் செயலிழக்கக்கூடும். குறைந்த பல்லிணையில் வைத்துப் பொறியின் இழுவையாலேயே விரைவைக் கட்டுப்படுத்துதல் வேண்டும். உயர்ந்த கணவாய்கள் பலவும் பனிக்காலம் முழுவதும் மூடப்பட்டிருக்கும். ஆதலால் இப்பயணத்தின் நாட்காட்டியை வகுப்பது பயணியல்லர், பனியே.

வலப்புறச் சாலையும் தனி ஓட்டுநரும்

இந்தியாவிலும் இலங்கையிலும் ஊர்திகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஐரோப்பாவில் பிரித்தானியா, அயர்லாந்து, மால்டா, சைப்ரசு ஆகியவை இம்முறையைப் பின்பற்றுகின்றன. ஏனைய நாடுகளில் வலப்புறமே வழி. சுவீடன் நாடு 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்காலையில் இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்கு மாறியது. இலண்டனில் வாழும் தமிழர் ஒருவர் தம் மகிழுந்தைக் கால்வாய் கடந்து பிரான்சுக்குள் கொண்டுசென்றால், அவருடைய ஓட்டுநர் இருக்கை சாலையின் ஓரத்தை ஒட்டி அமைந்துவிடும். முன்செல்லும் சரக்குந்தைக் கடக்க முற்படும்போது எதிரே வரும் ஊர்தி அவர் கண்ணுக்குத் தெரியாது. அருகில் ஒருவர் அமர்ந்திருந்தால் பார்த்துக் கூறுவார். தனியாகச் செல்பவர்க்கு அவ்வுதவி இல்லை. பின்தங்கி, இடைவெளி விட்டு, நேர்ச்சாலை வரும்வரை பொறுத்திருப்பதே அவருக்குள்ள ஒரே வழி.

இந்தியர் ஒருவர் அங்கு ஊர்தி ஓட்ட விரும்பினால், தம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் பெறுதல் வேண்டும். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின் அடிப்படையில் வழங்கப்படும் அவ்வுரிமம் ஓராண்டு செல்லுபடியாகும். எல்லைகளைப் பொறுத்தவரை நிலைமை பெரிதும் எளிதாகியுள்ளது. லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் 1985ஆம் ஆண்டு கையெழுத்தான உடன்படிக்கை 1995இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அதில் 29 நாடுகள் இணைந்துள்ளன. வீரமாமுனிவர் பிறந்த காலத்தில் இத்தாலி என்றொரு நாடே இல்லை. காஸ்திலியோனேயே தனியொரு சிற்றரசாக இருந்தது. அக்காலத்தில் ஒருநாள் குதிரைப் பயணத்தில் பல எல்லைகளையும் பல சுங்கங்களையும் கடக்க நேர்ந்தது. இன்று ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குள் நுழைந்ததைப் பெயர்ப்பலகையின் மொழி மாறியதைக் கொண்டே அறிய முடிகிறது.

தனிப் பயணத்தின் முதற்பகை உறக்கம். மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டரைக் கடக்கிறது. மூன்று நொடி கண்ணயர்ந்தால் 80 மீட்டருக்கும் மேலான தொலைவை ஊர்தி பார்வையின்றியே கடந்திருக்கும். பேச்சுத்துணை இல்லாதவர் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இறங்கி நடத்தல் நன்று. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 112 என்னும் ஒரே அவசர எண் உள்ளது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு இறுதிமுதல் அங்கு ஒப்புதல் பெறும் புதிய வகை மகிழுந்துகளில், பெருமோதல் நிகழ்ந்தால் தானாகவே அவ்வெண்ணை அழைத்து இருப்பிடத்தைத் தெரிவிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நினைவிழந்து கிடக்கும் தனிப்பயணிக்கு அக்கருவியே குரல் கொடுக்கிறது.

ஆயிரம் மைல்

காஸ்திலியோனேயிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் பிரெஷா நகரம் உள்ளது. அங்கிருந்து ரோமாபுரிவரை சென்று மீண்டும் பிரெஷாவுக்கே திரும்பும் மகிழுந்துப் பந்தயம் 1927ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இத்தாலிய மொழியில் ‘ஆயிரம் மைல்’ எனப் பொருள்படும் ‘மில்லே மீலியா’ என்பது அதன் பெயர். தனியே அமைக்கப்பட்ட பந்தயத்தளத்தில் அது நடைபெறவில்லை. மக்கள் நடமாடும் நெடுஞ்சாலைகளிலும் ஊர்த்தெருக்களிலும் மலைக்கணவாய்களிலும் நடைபெற்றது. கோடிக்கணக்கில் இல்லாவிடினும் இலக்கக்கணக்கில் மக்கள் சாலையோரங்களில் நின்று கண்டனர்.

1955ஆம் ஆண்டு மே முதல் நாள் நடைபெற்ற பந்தயம் பலராலும் நினைவுகூரப்படுகிறது. மெர்சிடிஸ் நிறுவனத்தின் திறந்த பந்தய மகிழுந்து ஒன்றை ஆங்கிலேயரான ஸ்டர்லிங் மாஸ் ஓட்டினார். அவரருகில் டெனிஸ் ஜென்கின்சன் என்னும் இதழாளர் வழிகாட்டியாக அமர்ந்தார். முன்னரே அவ்வழியில் பலமுறை சென்று, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் குறித்து, 5 மீட்டருக்கும் மிகுந்த நீளமுள்ள தாள்சுருளில் எழுதி, அதனைச் சிறு பெட்டிக்குள் பொருத்தி உருட்டிப் படித்தார் ஜென்கின்சன். திறந்த ஊர்தியின் காற்றிரைச்சலில் பேச்சு கேட்காது. எனவே கைச்சைகைகளாலேயே வழியுரைத்தார். இடையில் வெளியே தலையை நீட்டியபோது அவருடைய மூக்குக்கண்ணாடியைக் காற்று பறித்துச் சென்றது. நல்வாய்ப்பாக மாற்றுக்கண்ணாடி ஒன்றை வைத்திருந்தார். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவை 10 மணி 7 நிமிடம் 48 நொடிகளில் கடந்து அவர்கள் வென்றனர். சராசரி விரைவு மணிக்கு 157 கிலோமீட்டருக்கும் மேல். நவீன உலகின் ஆற்றுப்படை என அத்தாள்சுருளைக் கூறுவது மிகையாகாது.

அதே பந்தயத்தில், அதே வகை ஊர்தியில், தனியொருவராகச் சென்றவர் அர்ஜென்டினா நாட்டின் ஹுவான் மனுவேல் ஃபான்ஹியோ. 1948ஆம் ஆண்டு பெரு நாட்டில் நிகழ்ந்த பந்தய விபத்தில் தம் துணை ஓட்டுநரும் நண்பருமான டேனியல் உருட்டியாவை இழந்தவர் அவர். அதன்பின் பிறர் உயிரைத் தம் கைப்பிடியில் ஏற்க அவர் தயங்கினார் என்பர். அருகிருக்கை வெறுமையாக இருக்க, வழி முழுவதையும் நினைவிலிருந்தே ஓட்டினார். பொறியில் கோளாறு நேர்ந்தபோதும் இரண்டாமவராக வந்து சேர்ந்தார். வென்றவருக்கும் அவருக்கும் இடையிலான வேறுபாடு அரைமணி நேரத்திற்குச் சற்று மிகுதி. அதில் பொறிக்கோளாற்றின் பங்கு எவ்வளவு, துணையின்மையின் பங்கு எவ்வளவு எனப் பிரித்துக் கூறல் எளிதன்று.

இரண்டாண்டுகள் கழித்து, 1957ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், பந்தயம் ஏறத்தாழ முடியும் நிலையில் இருந்தது. மாந்துவாவிலிருந்து பிரெஷா செல்லும் நெடுஞ்சாலையில், குயிதித்சோலோ என்னும் ஊருக்கருகே, ஸ்பெயின் நாட்டவரான அல்ஃபோன்சோ தெ போர்த்தாகோ ஓட்டிய ஃபெராரி ஊர்தியின் உருளிப்பட்டை வெடித்தது. அச்சாலை நேரானது, வளைவற்றது. கட்டிழந்த ஊர்தி சாலையோரத்து மக்கள்மீது பாய்ந்தது. ஓட்டுநரும் துணைவர் எட்மண்ட் நெல்சனும் உயிரிழந்தனர். வேடிக்கை பார்க்க நின்ற ஒன்பது பேரும் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். ஓட்டுநர் இடரை அறிந்தே ஏற்றவர். அக்குழந்தைகள் தங்கள் ஊர்ச்சாலையின் ஓரத்தில் நின்றதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. வீரம் எனப் புகழப்பட்ட விரைவின் விலையை யார் செலுத்துகின்றனர் என்னும் வினா இத்தாலி முழுவதும் எழுந்தது. பொதுச்சாலையில் முழுவிரைவில் நடைபெற்ற அப்பந்தயம் அத்துடன் நிறுத்தப்பட்டது. 1977முதல் அதே பெயரில், 1957க்கு முன் அப்பந்தயத்திற்குரியவையாக இருந்த பழைய ஊர்திகள் மட்டும் பங்கேற்கும் ஊர்வலப் போட்டி நடைபெறுகிறது. அதில் நேரந்தவறாமையே அளவுகோல்.

சாலை சென்று சேரும் ஊர்

குயிதித்சோலோவிலிருந்து அதே சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் காஸ்திலியோனே வந்துவிடும். தமிழருக்கு அது வீரமாமுனிவர் பிறந்த ஊர். உலகோருக்கு அவ்வூர் வேறொரு பயணியால் அறிமுகமானது.

1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், அருகிலுள்ள சோல்ஃபெரினோவில் பெரும்போர் நிகழ்ந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் தம் வணிகம் தொடர்பாகக் காண விரும்பி, ஜெனீவாவைச் சேர்ந்த ஹென்றி துனாந்து அவ்வேளையில் அப்பகுதிக்கு வந்து சேர்ந்தார். போர் அவருடைய நோக்கமன்று. ஆயினும் காயமுற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் காஸ்திலியோனேக்குக் கொண்டுவரப்பட்டு, ஆலயத்திலும் தெருக்களிலும் கிடத்தப்பட்டதைக் கண்டார். வணிகத்தை மறந்து அங்கேயே தங்கினார். அவ்வூர்ப் பெண்கள் நண்பர் பகைவர் என வேறுபாடு பாராமல் அனைவருடைய காயங்களையும் கழுவிக் கட்டினர். துனாந்து தாம் கண்டவற்றை 1862இல் நூலாக எழுதினார். அடுத்த ஆண்டே செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. 1901ஆம் ஆண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட அமைதிக்கான நோபல் பரிசை அவர் பிரெடெரிக் பாசியுடன் பகிர்ந்துகொண்டார். ஏதோ ஒரு வேலையாகச் சென்ற பயணி, வழியில் கண்ட காட்சிக்காகத் தம் பயணத்தையே நிறுத்திக்கொண்டதன் விளைவு அது.

இன்று காஸ்திலியோனேயில் செஞ்சிலுவை அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. போர்க்களத்திலிருந்து காயமுற்றோரை ஏற்றிவந்த வகையைச் சேர்ந்த பழைய வண்டிகளும் தூக்குக்கட்டில்களும் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. கோடைநாளில் கார்டா ஏரியை நோக்கித் திறந்த மகிழுந்துகள் அவ்வூரின் வழியே விரைகின்றன. தெற்கே, நெடுஞ்சாலையின் ஓரத்தில், 1957இல் இறந்தோர்க்கான நினைவுச்சின்னம் நிற்கிறது.